தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்தேன்

என் நாய் ஜிம்மி இறந்து போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் இதைப் பற்றி எழுத மனம் வரவில்லை. பத்து நாளைக்கு முன்பு எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பின்வரிசையில் இருக்கும் ஒரு பையன் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான். அவன் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம், உடம்பு சுடுகிறதாம், காதுக்குள் உண்ணி இருக்கிறதாம். "பரவால்ல டீச்சர், ரெண்டு நாள் பார்ப்போம், தானா சரியாப் போயிரும்" என்றான். கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நானும் ஒரு காலத்தில் இதைத்தான் சொன்னேன். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியை. அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு இந்தத் தாமான் வீட்டுக்கு வந்தார். வரும்போது கட்டில், அலமாரியோடு ஜிம்மியையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்து முனியாண்டி கோயிலடியில் பிறந்த குட்டி அவன். அப்பா இறந்த பிறகு அம்மா அண்ணனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் ஜிம்மியும் மட்டும். அப்புறம் பாசார் பக்கம் மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்தேன், அவள்தான் பவுன். எங்கள் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைக் காடுதான்.

உண்ணி எனக்குப் புதிதில்லை. லயத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சாயங்கால நேரத்தில் வாசலில் உட்கார்ந்து நாய்க்கு உண்ணி பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய மைலோ டின்னில் போடுவது ஒரு வேலை மாதிரி நடக்கும். உண்ணி என்றால் அரிப்பு, கொஞ்சம் ரத்தம் குடிக்கும், அவ்வளவுதான் என்றே நினைத்து வளர்ந்தேன். அது நோயைக் கொண்டுவரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

போன ஆண்டு மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை ஜிம்மி சாப்பாட்டைத் தொடவில்லை. செவ்வாயும் தொடவில்லை. குளியலறைக்கு வெளியே ஈரச் சிமெண்டில் வயிற்றை ஒட்டிப் படுத்தே கிடந்தான். காது அடுப்பில் வைத்தது போல் சுட்டது. கண்ணில் பீளை. நடக்கும்போது பின்னங்காலைச் சற்று இழுத்தான். டவுனில் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு ஓர் ஊசி போட்டார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள், 35 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். ரத்தம் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது. வீட்டில் கஞ்சி காய்ச்சி, கோழி ஈரலை மசித்துக் கலந்து ஊட்டினேன். ஆறாம் நாள் காலையில் அவனே எழுந்து வந்து தட்டை முகர்ந்து பார்த்துச் சாப்பிட்டான். அம்மாவுக்குப் போன் போட்டு, "தானாவே சரியாயிருச்சும்மா" என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஆறு நாளில் அவன் உடம்புக்குள் என்ன நடந்தது என்று எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தவறவிட்ட இடம் இதுதான். நம் வீடுகளில் நாய் மேல் பார்க்கிற பழுப்பு நிற உண்ணியின் எச்சிலில் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். உண்ணி கடிக்கும்போது அது நாயின் ரத்தத்தில் இறங்கி, வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், பசியின்மை, நிணநீர்க் கட்டி வீக்கம் என்று காட்டும். இந்த முதல் கட்டம் இரண்டு முதல் நாலு வாரம். பெரும்பாலான நாய்களுக்கு மருந்து கொடுக்காவிட்டாலும் இந்தக் காய்ச்சல் இறங்கிவிடும். நாய் சாப்பிடும், வாலை ஆட்டும், குரைக்கும். ஆனால் பாக்டீரியா மண்ணீரலிலும் மற்ற இடங்களிலும் ஒளிந்துகொண்டிருக்கும். இது இரண்டாம் கட்டம். மாதக்கணக்கில் போகலாம், வருடக்கணக்கிலும் போகலாம். சில நாய்களின் உடம்பு அதைத் தானே விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாத நாய்களில் சிலவற்றுக்கு மூன்றாம் கட்டம் வருகிறது. அப்போது எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறவைப்பதையே நிறுத்திவிடும்.

அந்த மார்ச் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்சிசைக்ளின் என்ற மாத்திரையை 28 நாள் கொடுத்திருந்தால் ஜிம்மி இன்று இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாத்திரைக்கு எனக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு அறுபது எழுபது வெள்ளி.

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஜிம்மி நன்றாகத்தான் இருந்தான் என்று எல்லோரிடமும் சொல்வேன். இப்போது உட்கார்ந்து யோசித்தால், நன்றாக இல்லை. முன்பு கேட்டுக்கு வெளியே மோட்டார் சத்தம் கேட்டால் பாய்ந்து வருவான், அந்த மாதங்களில் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். ரோமம் மினுமினுப்பு இழந்தது. கழுத்துப் பட்டையை ஓர் ஓட்டை தள்ளி இறுக்கினேன். எட்டு வயதாகிறதே, கிழவனாகிறான் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் நாய்க்கு முன்பு எப்போதாவது காரணம் தெரியாத காய்ச்சல் வந்திருந்து, இப்போது கொஞ்சம் மெலிந்து சோர்ந்திருந்தால், வயதின் மேல் பழியைப் போடாமல் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அதே மாதங்களில் வீட்டில் உண்ணி பெருகியது. காட்டுப் பக்கமிருந்துதான் வருகிறது என்று நம்பி, 50 வெள்ளி கொடுத்துப் பின்புறப் புல்லை வெட்டவைத்தேன். கடையில் ஷாம்பு, பவுடர் என்று 46 வெள்ளி. தினமும் பிடுங்கினேன், தினமும் இருந்தது. ஒருநாள் இரவு கேஸ் தோம்பு (சிலிண்டர்) மாற்றுவதற்காக அதை நகர்த்தினேன். பின்னால் சுவரில் விரல் நுழையாத ஒரு விரிசல். டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிசலின் நீளத்துக்கும் வரிசையாக உண்ணிகள், சின்னது பெரியது எல்லாம். ஒரு பெண் உண்ணி ரத்தம் குடித்துச் சாம்பல் நிறத்தில் ஆமணக்கு முத்து போல உப்பி உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் கசகசாவைக் கொட்டியது போல் பழுப்பு முட்டைக் குவியல். என் சமையல்கட்டில், நான் தினமும் சாம்பார் வைக்கிற இடத்திலிருந்து மூன்றடி தூரத்தில்.

இந்தப் பழுப்பு உண்ணி நாயோடு நாயாக நம் வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. முட்டையிலிருந்து வரும்போது மிளகுத் தூள் அளவு, ஆறு கால். ஏதாவது ஒரு நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும், கீழே விழும், ஒரு மூலையில் ஒளிந்து தோல் உரிக்கும். எள் அளவாகி எட்டுக் காலோடு மறுபடி ஒரு நாய் மேல் ஏறும், மறுபடி விழும். பெரிதாகி மூன்றாம் முறை ஏறும். கடைசியில் பெண் உண்ணி கீழே இறங்கி நாலாயிரம் முட்டை வரைகூட இட்டுவிட்டுச் சாகும். ஆக, அதன் வாழ்நாளில் நாய் மேல் இருக்கும் நாள் கொஞ்சம்தான், மற்ற நாளெல்லாம் சுவர் விரிசல், கதவுச் சட்டம், நாய்ப் படுக்கையின் அடி, கூரை ஓரம். நாய் மேல் பத்து பார்த்தால் வீட்டில் அதைப் போல் பல மடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாடுகளில் சில மாதம் இதன் தொல்லை குறையும். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வருடம் முழுவதும் அதற்குக் கொண்டாட்டம்.

பிற்பாடு ஈப்போவில் பார்த்த டாக்டர் இன்னொன்றையும் சொன்னார், அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இந்த எர்லிக்கியா தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குப் போவதில்லை. பொரித்து வரும் குஞ்சு உண்ணி சுத்தமாகத்தான் வருகிறது. நோயுள்ள ஒரு நாயைக் கடிக்கும்போதுதான் அதற்குத் தொற்றுகிறது. தோல் உரித்த பிறகும் கிருமி அதனோடேயே இருந்து, அடுத்து கடிக்கிற நாய்க்குப் போகிறது. காய்ச்சல் கொதிக்கிற நாள்களில் நாயின் ரத்தத்தில் கிருமி அதிகம். அந்த மார்ச் வாரத்தில் ஜிம்மியின் ரத்தத்தைக் குடித்து விழுந்த உண்ணிகள்தான் அந்த விரிசலில் தோல் உரித்து வளர்ந்து, பவுன் மேல் ஏறியிருக்க வேண்டும்.

நவம்பர். தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய வாரம். காலையில் முன்வாசலில் சொட்டுச் சொட்டாக ரத்தம். ஜிம்மியின் இடது மூக்கிலிருந்து வந்தது. மூக்குக்குள் அட்டை ஏறியிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார், உப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தோம். மத்தியானம் நின்றது, இரவு மறுபடி வந்தது. அந்த ஓர் இரவை நான் வீணாக்கினேன். விடியற்காலையில் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெள்ளைத் துணி போல் இருந்தது. மல்லாத்திப் போட்டால் வயிற்றில், தொடை இடுக்கில் குங்குமத்தைத் தெளித்தது போல் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினால் மறையவில்லை. தோலுக்கடியில் ரத்தம் கசிந்த புள்ளி அது. இதைப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டி கிடைப்பது அடுத்த போராட்டம். செயலியில் கூப்பிட்ட மூன்று டிரைவர்கள் நாய் என்றதும் ரத்து செய்துவிட்டார்கள். கடைசியில் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன்தான் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தார். அப்பாவின் பழைய கைலியில் ஜிம்மியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஈப்போ போனேன். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்தச் சாலை அன்றைக்கு முடியவே இல்லை. நாய் வளர்ப்பவர்கள் நாயை ஏற்ற சம்மதிக்கிற ஒரு வண்டிக்காரரின் எண்ணையும், நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்கிற கிளினிக்கின் எண்ணையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் ஒரு சீனப் பெண். மலாயில் பேசினோம். ஜிம்மியைத் தொடுவதற்கு முன்பே, "இதற்கு முன்னால் இவனுக்குக் காய்ச்சல் வந்து போனதா?" என்று கேட்டார். மார்ச் மாதத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. பிளேட்லட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் அணு, 11 ஆயிரம். டெங்கி புண்ணியத்தில் மலேசியாவில் பிளேட்லட் என்றால் என்னவென்று தெரியாதவர் இல்லை. நல்ல நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். அதோடு வெள்ளை அணுவும் குறைவு, சிவப்பு அணுவும் குறைவு. இந்த நோயில் மூன்றும் ஒன்றாக விழுந்தால் மஜ்ஜை ஓய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சொட்டு ரத்தத்தில் செய்யும் விரைவுப் பரிசோதனையில் எர்லிக்கியாவுக்கு நேரே கோடு விழுந்தது.

அந்தப் பரிசோதனையைப் பற்றி இரண்டு விஷயம். அது கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிறது. அதனால் தொற்றிய முதல் ஒன்றிரண்டு வாரத்தில் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். அதே போல மருந்து முடிந்து நாய் தேறிய பிறகும் பல மாதம் கோடு விழும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேறுகிறதா என்று பார்க்க பிளேட்லட் எண்ணிக்கைதான் வழி. இன்னொன்று, நாம் பொதுவாக உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லுவது ஒரே நோய் இல்லை. அனாபிளாஸ்மா பிளாட்டிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா பிளேட்லட்டுக்குள்ளேயே புகுந்து அழிக்கும். அதற்கும் டாக்சிசைக்ளின்தான். ஆனால் பபேசியா என்பது பாக்டீரியாவே இல்லை, சிவப்பு அணுவை உடைக்கும் ஓர் ஒட்டுண்ணி. அதற்கு மருந்து வேறு. ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். "போன தடவை கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு, அதையே போடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஜிம்மிக்கு அன்றே மருந்து தொடங்கினார்கள். நாலு இரவு வைத்திருந்தார்கள், ஒரு முறை வேறொரு நாயின் ரத்தம் ஏற்றினார்கள். அந்த முதல் கட்டத்தில் என்றால் ஒன்றிரண்டு நாளிலேயே நாய் எழுந்துவிடும், மஜ்ஜை ஓய்ந்த பிறகு மாத்திரை கிருமியைக் கொன்றாலும் ரத்தம் ஊறுமா என்பது தெரியாது என்று டாக்டர் முதல் நாளே என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார். அவர் பொய் நம்பிக்கை கொடுக்காததற்கு நன்றி சொல்கிறேன். 1960-களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களும், பிறகு வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் நூற்றுக்கணக்கான நாய்களும் இப்படித்தான் மூக்கில் ரத்தம் வடிந்து செத்தனவாம், அல்சேஷன் வகைக்கு இது இன்னும் கடுமையாக வருமாம். பிளேட்லட் 19 ஆயிரத்துக்கு ஏறியது. பிறகு 9 ஆயிரத்துக்கு இறங்கியது. ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்பதாம் நாள் விடியற்காலை, அந்த ஈரச் சிமெண்டுத் தரைதான் வேண்டும் என்று தானே நடந்து போய்ப் படுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேன் அண்ணன்தான் வந்து குழி தோண்டிக் கொடுத்தார்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். முதல் நாள் பரிசோதனை, மருந்து 315. ரத்தம் ஏற்றியது 650. நாலு இரவுக்கு 280. மறுபடி மறுபடி ரத்தம் எண்ணிப் பார்த்தது 240. ஐந்து தடவை வேன் 300. மொத்தம் 1,785 வெள்ளி. என் சம்பளத்தைவிட அதிகம். தாலிக்கென்று அம்மா எடுத்து வைத்த காப்பு ஒன்றை அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. பணம் போனது பெரிதில்லை, போன இடம் தாமதம் என்பதுதான் வலிக்கிறது.

ஜிம்மியைப் புதைத்த இரண்டாம் நாள் பவுனைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். பவுனுக்கு ஒரு குறையும் இல்லை, வேனில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தாள். கோடு விழுந்தது. பிளேட்லட் 88 ஆயிரம். வெளியே ஒன்றும் தெரியாத இரண்டாம் கட்டத்தில் இருந்தாள். பரிசோதனையும் மாத்திரையுமாக 268 வெள்ளி. சுவரில் மாட்டிய நாள்காட்டியில் 28 நாளையும் வட்டம் போட்டுக் கொடுத்தேன். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சோற்றுக்குப் பிறகு கொடுங்கள். பாலோடு சேர்க்காதீர்கள், மருந்து சரியாக உடம்பில் சேராது. விழுங்கவைத்ததும் கொஞ்சம் தண்ணீரோ சூப்போ குடிக்கவையுங்கள், தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாகும். அளவு நாயின் எடையைப் பொறுத்தது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பத்தாம் நாளே பவுன் முன்பைவிடத் துள்ளினாள். நிறுத்தத் தோன்றியது, நிறுத்தவில்லை. முடிந்ததும் எடுத்த ரத்தத்தில் 2 லட்சத்து 40 ஆயிரம். ஒரு முறை வந்து போனால் மறுபடி வராது என்றில்லை, தடுப்பூசியும் கிடையாது. உண்ணியைத் தடுப்பதுதான் ஒரே வழி.

தடுப்பதற்கு நான் செய்த தப்பான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிம்மிக்கு மண்ணெண்ணெய் தடவினேன், தோல் வெந்து உரிந்தது. தீக்குச்சியால் சுடுவது, நகத்தால் நசுக்குவது எல்லாம் செய்தேன். தோட்டத்தில் அடிக்கிற பூச்சிமருந்தைக் கலக்கித் தடவச் சொன்னவர்களும் உண்டு. நல்லவேளை அதைச் செய்யவில்லை, அதில் வாயில் நுரை தள்ளி உதறி நாய் செத்தே போகும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து உள்ள நாய் மருந்து பக்கமே போகாதீர்கள், பூனைக்கு அது விஷம். பிடுங்குவதானால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். ஆனால் பிடுங்குவதை மட்டும் நம்ப முடியாது. உண்ணி ஒட்டிய மூன்று மணி நேரத்துக்குள்ளேயே எர்லிக்கியா இறங்கிவிடக்கூடும், நாம் வேலை முடிந்து வந்து பார்ப்பதற்குள் எல்லாம் ஆகிவிடும். பவுனுக்கு இப்போது ஃபுளூரலானர் மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, 110 வெள்ளி. கடித்த உண்ணி அதில் செத்து விழுகிறது, வீட்டில் பெருகவும் முடிவதில்லை. விரிசலையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தேன், படுக்கைத் துணியைக் கொதிநீரில் போட்டேன், 280 வெள்ளி கொடுத்து மருந்து அடிக்கவைத்தேன். ஒரு தடவையோடு விடாமல் சில வாரம் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டும், முட்டைகள் அதற்குள்தான் பொரிக்கும்.

அக்கம்பக்கத்தில் பயந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். நாயைத் தொட்டாலோ நக்கினாலோ இந்த நோய் நமக்கு வராது, நாயிலிருந்து நாய்க்கும் நேராக வராது. நடுவில் உண்ணி வேண்டும். அதனால் பயந்து நாயைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். விட்டால் அங்கே இருக்கிற நாய்களுக்கும் அது போய்ச் சேரும்.

அந்தப் பையனை அன்று சாயங்காலமே விடவில்லை. வேன் அண்ணனின் எண்ணைக் கொடுத்து, ஈப்போ டாக்டருக்கு நானே போன் போட்டேன். அவன் சொந்த வேலைகளை முடித்துக்கொண்டு போக நாலு நாள் ஆகிவிட்டது. பிளேட்லட் 62 ஆயிரம், முதல் கட்டம்தான் என்றாராம் டாக்டர். மருந்து தொடங்கி இன்றைக்கு ஆறாம் நாள். நேற்று இரவு எனக்கு ஒரு படம் அனுப்பினான், நாய் காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. "நல்லா ஆயிட்டான் டீச்சர், மாத்திரையை நிப்பாட்டலாமா?" என்று கீழே எழுதியிருந்தான். இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது தம்பி என்று பதில் போட்டேன்.